மஞ்சள் வாலாட்டி பார்க்கப் போன வரப்பு

தம்பி,

மூன்று வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று உன் அப்பா சொல்லியிருப்பார். கோபமும் உண்டுதான். ஆனால் எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்கே தெரியும். முதல் வார்த்தையிலேயே குரல் ஏறிவிடும், இரண்டாவதில் அழுகை வந்துவிடும், நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் கிராம நர்ஸாக ரிஜிஸ்டர் எழுதித் தேய்ந்த கை, இன்னும் நாலு பக்கம் எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. இதை உன் நிவேதாவும் படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும். உன் சிநேகிதர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததைத்தான் எழுதப் போகிறேன், இனி யாரிடம் மறைத்து என்ன?

"அம்மா சம்மதிச்சு வரலேன்னா இந்தக் கல்யாணமே வேணாம்" என்று நீ சொன்னதை உன் அப்பா வந்து சொன்னார். கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை இன்னும் நம் பிடியில்தான் இருக்கிறான் என்கிற சந்தோஷம். பெற்றவளுக்கு வரக்கூடாத சந்தோஷம் அது, ஆனாலும் வந்தது. இரண்டு நாள் அதை வாயில் போட்ட கற்கண்டு மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நீ சாப்பிடுகிறாயோ இல்லையோ என்ற நினைப்பு வந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. உன் அப்பாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவர் முதல் நாளே சரி சொல்லிவிட்டார். கண்டக்டராக இருந்தவர் இல்லையா, யார் ஏறினாலும் உள்ளே தள்ளிப் போகச் சொல்லி இடம் பண்ணிக் கொடுத்தே பழகிவிட்டார்.

நான் உன்னிடம் சொன்ன காரணம் இது: "அவங்க நெலம் நீச்சு உள்ள வீடு. நாம அவங்க வயல்ல வேலை செஞ்ச வீடு. உன்னைய மாப்பிள்ளைன்னு மதிக்க மாட்டாங்க." நீ அதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னாய். காலம் மாறிவிட்டது, நிவேதா அப்படி இல்லை, அவள் அப்பா அப்படி இல்லை, சென்னையில் யாரும் கேட்கப் போவதில்லை என்று வரிசையாகச் சொன்னாய். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் நான் சொன்னது சரியான காரணம் இல்லை, தம்பி. பொய்க் காரணத்துக்கு நீ எத்தனை நல்ல பதில் சொல்லி என்ன பயன்? உண்மைக் காரணம் எனக்கே போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பிடிபட்டது.

அன்றைக்குக் காலை ஆறு மணி இருக்காது. வாசல் படியில் உட்கார்ந்து, நீ வாங்கி அனுப்பிய வெள்ளை ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். சுகருக்காக நடக்கிற நடைதான். நிவேதாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு குட்டி நோட்டு. லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாளாம். "அத்தை, வாக்கிங் கெளம்பிட்டீங்களா? நானும் வரட்டுமா? பங்குனி மாசம்ல, வந்த குருவியெல்லாம் வடக்க திரும்புற நேரம். பாத்துட்டே நடக்கலாம்" என்றாள். எலி எதுக்கு அம்மணமா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா? நீதான் அனுப்பியிருப்பாய். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஸ்கூட்டரைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். அந்த வீட்டுப் பெண் என் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது என்பது எனக்கு என்னவோ போல இருந்தது. வேகமாக எழுந்துவிட்டேன்.

தார் ரோட்டில் நடந்தோம். நான் வேகமாக நடக்கிறவள். அவளோடு நடப்பது நடையே இல்லை. பத்தடிக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறாள். கரெண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தவற்றைக் காட்டி, "தகைவிலான் அத்தை. நீங்கல்லாம் என்னன்னு சொல்வீங்க?" என்றாள். "கம்பியில உக்கார்ற குருவின்னு சொல்வோம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். கருவை மரத்து உச்சியில் கீச்சான் ஒன்று கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டையோடு உட்கார்ந்து, ஊரையே திட்டுவதுபோலக் கத்திக்கொண்டிருந்தது. "இது உங்கள மாதிரி அத்தை, சத்தம் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ ஊருக்கு வா, உனக்கு இருக்கிறது.

அதைத் தாண்டினால் வாய்க்கால் ஓரம் புதர். உள்ளேயிருந்து தீப்பெட்டியை நகத்தால் தட்டுகிற மாதிரி டிக், டிக் என்று ஒரு சத்தம். அவள் அப்படியே நின்றுவிட்டாள். "நாணல் கதிர்க்குருவி. இதுவும் போற குருவிதான்" என்று கிசுகிசுத்தாள். எங்கே என்று தேடினால் இலைதான் தெரிகிறது. பைனாகுலரை என் கையில் கொடுத்தாள். அதில் கண்ணை வைத்தால் கறுப்பாக முள் முள்ளாக என்னவோ ஆடியது. "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றேன். "எப்படி இருக்கு அத்தை?" "கறுப்பா, தென்னம்பாளை கணக்கா இருக்கு." அவள் வந்து பார்த்துவிட்டு, "அது உங்க கண்ணிமை அத்தை" என்றாள். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், இதை ஞாபகத்தில் வை. முதல் ஆறு மாதம் எதிராளியைப் பார்ப்பதாக நினைத்து அவரவர் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். நானும் உன் அப்பாவும் அப்படித்தான் முதல் வருடத்தை வீணாக்கினோம்.

மதகு வந்தது. நான் தினமும் மதகைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ரிடையராகி இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாக ஒருநாள்கூட அதைத் தாண்டியதில்லை. உன் அப்பாகூட இதைக் கவனித்ததில்லை. மதகில் இருந்து கிழக்கே ஒரு வரப்பு பிரிகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நிவேதாவின் அப்பா நிலம். "வாலாட்டி எல்லாம் எங்க உளுந்துலதான் இருக்கு அத்தை. ரெண்டு நாள்ல கெளம்பிடும்னு நெனக்கிறேன். இந்த வரப்போட போனா கிட்டக்க பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி முன்னால் நடந்துவிட்டாள். முட்டி வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நேரமாகிவிட்டது, மாத்திரை போடவேண்டும் என்று சொல்லியிருக்கலாம். பின்னாலேயே போனேன்.

அந்த வரப்பில் நான் கடைசியாக நடந்தபோது எனக்குப் பத்து வயது. தை அறுப்பு. என் அம்மா தலையில் நெற்கட்டு. அறுத்த வயலிலிருந்து களத்துக்குச் சுமந்துகொண்டு முன்னால் போகிறாள். அவள் பின்னால் நான், என் தலையில் எனக்குத் தகுந்த சின்னக் கட்டு. எதிரே நிவேதாவின் தாத்தா குடையோடு வருகிறார். அம்மா வரப்பை விட்டு வாய்க்காலில் இறங்கினாள். அந்த நாளில் நிலத்துக்காரர் வந்தால் எங்கள் ஆட்கள் வரப்பை விட்டு இறங்கிவிட வேண்டும். கட்டு சுமந்தவளா, வெறுங்கையா என்ற கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கட்டு சரிந்து கதிரெல்லாம் நனைந்தது. என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை, நானும் இறங்கினேன். அவர் எங்களைத் திட்டவில்லை. பார்க்கவும் இல்லை. குடை ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். மேலே ஏறி, பாவாடையைப் பிழிந்துவிட்டு நடந்தோம். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. களத்தில் நனைந்த கட்டைப் பார்த்துக் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் சத்தம் போட்டபோதும், "கால் இடறிடுச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் நடக்கிறேன். முன்னால் அந்தத் தாத்தாவின் பேத்தி, கயிற்றின் மேல் நடக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போகிறாள். ஒரு இடத்தில் செருப்பு வார் அறுந்து உளுந்துக்குள் விழப்போனாள். நிலத்துக்குச் சொந்தக்காரிக்கு வரப்பில் நடக்கத் தெரியவில்லை. எனக்கு ஒரு அற்பத் திருப்தி. அறுபத்தைந்து வயதில் முட்டி வலியோடு நான் நேராக நடந்து காட்டினேன், யாருக்கென்று தெரியவில்லை.

பாதி வரப்பில் அவள் கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினாள். உளுந்து காய் பிடித்து முழங்கால் உயரம் நின்றது. செடிகளுக்கு நடுவே போன அறுப்பின் தாள் காய்ந்து கிடந்த இடமெல்லாம் வாலாட்டிகள். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, ஓடுவதும் நிற்பதும் எட்டிப் பூச்சியைப் பிடிப்பதுமாக இருந்தன. நடவிலும் களையெடுப்பிலும் என் காலைச் சுற்றித் திரிந்த குருவிதான், எனக்குத் தெரியாததா? ஆனால் நான் பார்த்ததெல்லாம் மங்கல். இவை நெஞ்சு பூராவும் மஞ்சள் குளித்த மாதிரி இருந்தன. "கெளம்பறதுக்கு முன்னாடி இப்படி நெறம் ஏறும் அத்தை. இங்கேருந்து இமயமலையத் தாண்டிப் போவும். ஒரு பிடி உளுந்து கனம்கூட இருக்காது ஒவ்வொண்ணும்" என்றாள். வாய் கொஞ்சம் திறந்தபடி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே நின்றாள். என்னை மசியவைக்க வந்தவள், வந்த காரியத்தையே மறந்துவிட்டாள். நான் பக்கத்தில் நிற்பதையும் மறந்துவிட்டாள். தம்பி, எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இங்கே, பறவைகள் கிளம்புவதுபோலப் பிள்ளைகளும் ஒருநாள் கிளம்பத்தான் வேண்டும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்காதே. அதுகள் இமயமலையைத் தாண்டிப் போனாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் சொன்ன மாதிரி திரும்பி வந்துவிடும். நீ சென்னையில் இருந்துகொண்டு தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பாய்.

அப்போதுதான் வரப்பின் அந்தக் கோடியில் அவள் அப்பா வந்தார். தோளில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி. மகளைப் பார்த்து, "என்னம்மா, அதுங்க போயிடுச்சா இன்னும் இல்லையா? மருந்து அடிக்காம எத்தன நாளைக்கு வச்சிருக்கறது, காய்ப்புழு வந்துடும்" என்று தூரத்திலேயே கேட்டுக்கொண்டு வந்தார். மகள் சொன்னாள் என்று, அந்தக் குருவிகள் போகிறவரை பூச்சிமருந்து அடிக்காமல் வைத்திருக்கிறாராம். பக்கத்து வயல்காரர்கள் சிரிக்கிறார்களாம். இதையெல்லாம் அவள் சொல்லி அப்புறம் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பார்த்தது, அந்த வரப்பில், அந்த வீட்டு ஆண் ஒருவர் எதிரே நடந்து வருவதை மட்டும்தான்.

நான் இறங்கிவிட்டேன்.

யோசித்து இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் நான் வாய்க்காலில் நிற்கிறேன். மோட்டார் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை ஷூ இரண்டும் சேற்றுக்குள் போய்விட்டன. தலையில் கட்டு இல்லை, கையில் ஒன்றும் இல்லை. மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவள், இந்தத் தாலுக்காவில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள், என் பெயரில் வீடு இருக்கிறது. என் காலுக்கு இது எதுவும் தெரியவில்லை. உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்த ஆள் மேல் வந்த கோபம் இல்லை அது. என் மேலேயே வந்தது. காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அவர் நின்றுவிட்டார். என்னை விட ஆறேழு வயது சின்னவர்தான், ஆனாலும் அந்தப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த வயது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "சுகர் வந்த காலு, வழுக்கிடுச்சுங்க" என்றேன். என் அம்மா சொன்ன அதே பொய். அவர், "இல்லக்கா. நான் பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, மறுபக்கம் உளுந்துக்குள் இறங்கி நின்றார். காய் பிடித்த செடி. எந்த விவசாயியும் மிதிக்கமாட்டான், அவர் காலடியில் அது நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. வாலாட்டிகள் குபீரென்று கிளம்பி, எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு வயல் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

"ஏறுங்கக்கா."

"நீங்க ஏறுங்க."

"நீங்க ஏறாம நான் ஏறமாட்டேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? ஏறிக்குவேன். நீங்க மொதல்ல பயிர விட்டு வாங்க."

இப்படியே இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறோம். நடுவில் வரப்பு காலியாகக் கிடக்கிறது. உன் நிவேதா அதன் மேல் ஒற்றைச் செருப்போடு நின்று, "அப்பா, ஏன் செடிய மிதிச்சிட்டு நிக்கிறீங்க? அத்தை, புது ஷூவாச்சே! என்னதான் ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று இங்கேயும் அங்கேயும் பார்க்கிறாள். அவர் என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் சொன்னார்: "சின்ன வயசுல எங்க அப்பா கூட இதுல வருவேங்கக்கா. எல்லாரும் எறங்குவாங்க. எனக்காகத்தான் எறங்குறாங்கன்னு நெனச்சிக்கிட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பேன். இன்னிக்கு வரைக்கும் அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." "சேறு ஏறுது, கையக் குடும்மா" என்று நிவேதாவைப் பார்த்துச் சொன்னேன். அவள் ஒரு கையில் என்னையும் ஒரு கையில் அவரையும் இழுத்து, ஏறக்குறைய அவளே வாய்க்காலில் விழப் பார்த்தாள்.

உன்னிடம் நான் சொன்ன காரணம் பொய் என்றேனே, உண்மை இதுதான். அவர்கள் உன்னை மதிக்கமாட்டார்கள் என்பது என் பயம் இல்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால், நான் உட்காராமல் நின்றுவிடுவேனோ என்பதுதான் பயம். உன் கல்யாணத்தில், உன் கண் முன்னால், என் உடம்பு என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம். அதை மறைக்கத்தான் உன் வாழ்க்கையை நிறுத்தி வைக்கப் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேராவூரணிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, உனக்கு எட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் லீவு என்று உன்னையும் கூட்டிக்கொண்டு சொட்டு மருந்துப் பெட்டியோடு தென்னந்தோப்புப் பாதையில் போனேன். எதிரே தோப்புக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். உன் கையைப் பிடித்து இழுத்து வேலி முள்ளோடு ஒட்டி நிறுத்தினேன். உன் தோளில் முள் கீறிவிட்டது. அவர் போன பிறகு நீ கேட்டாய், "இவ்ளோ எடம் இருக்குல்லம்மா, அவரு ஒதுங்கக்கூடாதா?" நான் உன்னை அறைந்தேன். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கப் பழகு என்றேன். அந்த ஆளுக்கு என்னைவிட வயது குறைவு, தம்பி. நான் உனக்குக் கற்றுக்கொடுத்தது மரியாதை இல்லை. நீ அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்ததுதான் என் பாக்கியம். அந்த அடிக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ மறந்திருந்தாலும் கேட்கிறேன்.

மோட்டார் கொட்டகையில் ஷூவைக் கழுவும்போது நிவேதா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு அத்தை? எனக்குச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். அவள் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், அவளா குடை பிடித்துக்கொண்டு வந்தாள்? "உங்க அம்மா பேரு என்ன அத்தை?" என்று கேட்டாள். அந்த வீட்டு நிலத்தில் என் அம்மா முப்பது போகம் நட்டிருப்பாள், அறுத்திருப்பாள். "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டிலிருந்து என் அம்மாவின் பெயரைக் கேட்ட முதல் ஆள் இவள்தான். "அஞ்சலை" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஷூவை வாங்கி மீதிச் சேற்றையும் கழுவினாள். நான் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சென்னையிலிருந்து போன் செய்து, வாலாட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். தனியாகப் போனேன். மதகைத் தாண்டினேன். வரப்பின் நடுவில் நடந்தேன். உளுந்துக்குள் ஒரு குருவிகூட இல்லை, வெறும் தாளும் தும்பியும்தான். அவள் அப்பா முதுகில் மருந்து டப்பாவோடு எதிரே வந்தார். எனக்குக் கால் கூசியது. விரலை ஷூவுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டேன். குறுகலான வரப்பு. இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, தோள் உரசக் கடந்தோம். "போயிடுச்சுங்கக்கா" என்றார். "ஆமா, போயிடுச்சு" என்றேன். அவ்வளவுதான்.

ஆகவே, வருகிறேன். வைகாசியிலேயே நாள் பார்க்கச் சொல். இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, உனக்கும் அவளுக்கும் சண்டை வராமல் இருக்காது. வரும்போது என் அம்மா வாய்க்காலில் நின்றதை எடுத்து அவள் மேல் வீசாதே. அது என் அம்மாவின் கஷ்டம். நீ சண்டையில் ஜெயிப்பதற்கு அவள் படவில்லை. இன்னொன்று, மண்டபத்தில் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது வரும்போது நான் சட்டென்று எழுந்து நின்றாலும் நிற்பேன். ஒரு செவ்வாய்க்கிழமையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அப்போது என் தோளைப் பிடித்து அழுத்தாதே, முகத்தையும் சுளிக்காதே. பார்க்காத மாதிரி இரு. நானே உட்கார்ந்துகொள்வேன்.

பத்திரிகை அடிக்கும்போது அவர்கள் பக்கம் நிவேதாவின் தாத்தா பெயரைப் போட்டு, இன்னாருடைய பேத்தி என்று போடுவார்கள். போடத்தான் வேண்டும், அது முறை. நம் பக்கம் உன் அப்பாவின் அப்பா பெயரைப் போடுவது வழக்கம். அதையும் போடு. அதற்குப் பக்கத்தில் என் அம்மா பெயரைப் போடு. பெண் வழியில் போடுகிற வழக்கம் இல்லையே என்று உன் அப்பா இழுப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன். வெறுமனே அஞ்சலை என்று போடாதே. அஞ்சலை அம்மாள் என்று போடு. உயிரோடு இருந்தவரை அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெரியவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவு எழுத்தில், அதே காகிதத்தில், அவள் பெயரும் இருக்கட்டும்.

அம்மா